சயாம் படத்துக்கு நான் பேசிய வசனம்

வாய் நீளம் என்று என்னைத் திட்டாதவர்கள் ராயபுரத்தில் குறைவு. அந்த வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வாயைத் தைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். சயாமிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலின் சமையல்காரன் எனக்குத் தோஸ்து. சயாம்காரன்தான், ஆனால் பினாங்கில் இருந்தவன், தமிழ் பேசுவான். தங்கள் ஊர்ப் படம் ஒன்றும் அதை ஓட்டும் மெஷினும் கப்பலில் இருப்பதாகவும் போட்டுக் காட்டுவதாகவும் சொன்னான். சயாம் படம் நம் பக்கம் எங்கே வரப்போகிறது என்று தெருவே கிளம்பி வந்தது. காலிக் கிடங்கின் ஜன்னல்களில் சாக்கு கட்டி, சுவரில் வேட்டி விரித்தோம்.

அக்காவையும் நான்தான் அழைத்துப் போனேன். அவள் புருஷன், என் மாமா, எனக்கு ஒன்பது வயதில் மலேயா போனவர். யுத்தத்தில் ரயில் ரோடு போட அவரை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனதாகத் தகவல் வந்தது. பிறகு கடுதாசியே இல்லை. இனிமேலும் காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரம் தாலியை இறக்கிவிடலாம் என்று உறவுக்காரர்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

படம் ஓடியது. ஆட்கள் வாயசைத்தார்கள், சத்தம் வரவில்லை. கீழே இங்கிலீஷ் எழுத்தாவது ஓடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

"எங்க ஊர்ல இப்படித்தான்" என்றான் சமையல்காரன். "திரைக்குப் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து எல்லாருக்கும் அவனே பேசுவான். வெளியூர்க்காரன் பாக்கப் போறான்னு யார் நெனச்சா?"

"அந்த ஆளு எங்க?"

"கப்பல்ல வரலையே."

நான் சும்மா இருப்பேனா? வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கதாநாயகனுக்கும் பேசினேன், கதாநாயகிக்கும் பேசினேன், குறுக்கே போன எருமைக்கும் பேசினேன். கிடங்கு சிரிப்பில் அதிர்ந்தது. கடைத்தெருக் காட்சியில், தாடி வைத்த ஒல்லி ஆள் ஒருவன் கடலைத் தட்டோடு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். "கடலை வாங்கு நைனா. சீக்கிரம் வாங்கு, வூட்ல பொண்டாட்டி காத்துகினு கீது" என்று கீச்சுக் குரலில் இழுத்தேன். விசில் பறந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

"நிறுத்துடா. அது உன் மாமாடா."

சொந்த மாமாவை அடையாளம் தெரியாமல் கோமாளியாக்கியிருந்தேன். சமையல்காரன் படத்தைத் திருப்பிச் சுற்றி அந்த இடத்தை மறுபடி போட்டான். இந்தத் தடவை நான் வசனத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். மாமாவின் புருவத்தை வெட்டிய பழைய வடு எனக்கும் தெரிந்தது.

"இவன் நடிகன் இல்ல. கடைத்தெருவுல இருந்தவங்கள அப்படியே எடுத்தது" என்றான் சமையல்காரன். "போன வருசம் எடுத்த படம்."

முதலில் நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அவர் தட்டைக் கீழே வைத்து, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், அந்தக் குழந்தையைக் கைநீட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பழக்கப்பட்ட கை.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"வூட்ல பொண்டாட்டி காத்துகினு கீதுன்னியே. அது அவரு சொன்னதா, நீ சொன்னதா?"

படத்தில் சத்தமே இல்லை என்பதும், சயாம் பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது என்பதும் அவளுக்கும் தெரியும்.

"அவரு சொன்னதுதாங்கா" என்றேன்.

"சரி" என்றாள்.

வீட்டுக்குப் போய், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் உறவுக்காரர்களிடம் சொன்னாள். தாலி கழுத்திலேயே இருந்தது. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பற்றி, அன்று கிடங்கில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அவள் சாகும்வரை வாய் திறக்கவில்லை. நானும்தான்.