பெயிண்டர் வரைந்த விரிசல்

எங்கள் பகுதியில் பெயிண்டர் என்றால் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் சுவரை நனைப்பவர்கள் என்பார். இளவயதில் நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்தவர். அரண்மனை, காடு, சிறைச்சாலை எல்லாம் அவர் கையால் துணியில் முளைத்தன. நாடகம் படுத்ததும் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கப் போனார். தோல் கிடங்கின் நாற்றத்துக்குப் பயந்து யாரும் குடிவராத தெருவில் துண்டு நிலம் வாங்கி, ஓர் அறை கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அறை கட்டினார். பிறகு கிடங்கு போனது, ரயில் நிலையம் வந்தது. அதே தெருவில் இடம் கேட்டு ஆட்கள் காரில் வந்தார்கள். வீட்டின் விலை ஏறியது. பெயிண்டரின் கூலி ஏறவில்லை.

அவர் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில்தான், பெரிய சொத்துக்காரர்களுக்கு ஆண்டுதோறும் வரி போடலாமா என்ற பேச்சு கிளம்பியது. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். எவ்வளவு இருந்தால் பெரிய சொத்து என்பது முடிவாகவில்லை. அதற்குள் பெயிண்டரின் மச்சினன் முடிவு செய்துவிட்டார். செல்போன் கடைக்காரர், கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் செய்தி பார்ப்பவர்.

"மாமா, வீடு வீடா வந்து பாத்து மதிப்பு போடப்போறாங்களாம். பளபளன்னு இருந்தா உங்களையும் கோடீஸ்வரன் கணக்குல சேத்துருவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். பெயிண்டர் மட்டும் காலி வீட்டில் அந்தப் பேச்சோடு உட்கார்ந்திருந்தார்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் வீடு அவருக்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அப்போது என் வேலை. படியின் உயரம், கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வாக்கர் திரும்ப இடம், இவைதான் பார்ப்பேன். அன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். தெருப்பக்கச் சுவரில் கூரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். அடியில் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. உள்ளே கூடத்திலும் அதே கதை. அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில்.

"இங்க அவங்கள அனுப்ப முடியாது. மகள் வீட்டுக்குப் போகட்டும்" என்றேன்.

மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏற்றிவிட்டால் அந்த அம்மா கீழே இறங்க மாதக்கணக்காகும். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டது, வீட்டுக்கு எப்போது போகலாம் என்பது ஒன்றைத்தான்.

பெயிண்டர் விரிசலருகே போய் நின்றார். பிறகு, "தொட்டுப் பாருங்க சிஸ்டரம்மா" என்றார்.

தொட்டேன். விரிசலில் விரல் இறங்கவில்லை. ஈரமும் இல்லை, சுவர் வழவழவென்று இருந்தது.

"நான்தான் வரைஞ்சேன். சிறைச்சாலைத் திரைக்கு இப்படித்தான் போடுவோம்." வெட்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனாலும் நான் ஏமாந்ததில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி.

அழிக்கச் சொன்னேன். அதோடு கழிப்பறைக்குக் கம்பி, வாசலுக்குச் சரிவுப் பலகை. தலையாட்டியவர் திடீரென்று கேட்டார்: "அப்புறம் வரி போட்டாங்கன்னா? வித்தாத்தான் கட்ட முடியும். வித்துட்டு அவளை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவுக்கொரு வீடு வைத்திருந்தவர்களையும் நான் பராமரித்திருக்கிறேன். இந்தச் செய்தி வந்தால் சேனலை மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். என்னைக் கேட்டால் வரி அவர்களுக்குத்தான் போட வேண்டும். ஆனால் யாருக்கு என்பதை முதலில் உரக்கச் சொல்லிவிட்டு அல்லவா விவாதத்தைத் தொடங்க வேண்டும்? இவரைப் போன்றவர்களைத் தவிக்கவிடுவது என்ன நியாயம்?

அவரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "வரி வர்றப்போ வரட்டும். அவங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க" என்றேன்.

மறுநாளே ஏணி போட்டுவிட்டார். கம்பிக்கு மட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். மச்சினன் பதறிப்போனார். இப்படி ஜொலித்தால் வரிக்காரன் கண்ணில் படாதா என்றார்.

"படட்டும் மாப்ள. உங்க அக்கா கண்ணுல கம்பி படணும், எனக்கு அது போதும்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வாக்கரை ஊன்றி மெதுவாக உள்ளே வந்தார். கட்டிலில் படுக்க வைத்துத் தலையணையைச் சரிசெய்தேன். சுவர் வெள்ளைவெளேர் என்றிருந்தது. ஆனால் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு சாண் விரிசலை மனிதர் விட்டுவிட்டார். அந்த அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதுதானே? நாடகத் திரையிலயும் விரிசலுக்கு இப்படித்தான் வால் வைப்பீங்க."

பெயிண்டர் தூரிகையைத் தேடப் போனார்.

"அது எங்கயும் ஓடிடாது" என்றார் அந்த அம்மா. "மொதல்ல வந்து உக்காருங்க."