பின்னந்தலை

வெர்லீன் டிஸ்டேலிடம் ஒரு பிடிவாதம் உண்டு. இறந்தவர்களுக்கு முடி பண்ணும்போது பின்னந்தலையையும் விடமாட்டாள். சவப்பெட்டியின் தலையணையில் அழுந்திக் கிடக்கும் பக்கம் அது, யார் கண்ணிலும் படப்போவதில்லை. மேக்கன் ஊரில் இந்த வேலைக்குப் போகிற மற்றப் பெண்கள் நெற்றிப் பக்கத்தையும் இரண்டு காதோரத்தையும் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் இறுதிச்சடங்கு நிலையத்துக்காரரைக் கூப்பிட்டுத் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிடரிவரை சிக்கெடுத்துவிட்டுத்தான் வருவாள். நான் சீப்புப் பெட்டியோடு கால்கடுக்க நிற்பேன்.

"யாரு பார்க்கப் போறா வெர்லீன்?" என்று கேட்டால், "உயிரோட வர்றவளைப் பாதித் தலையோட அனுப்புவியா?" என்பாள். அதற்குமேல் அவளிடம் வாய் கொடுத்துப் பயனில்லை.

என் பெயர் டோரதியா, ஊருக்கு டாட். இருபத்தாறு வருடமாக அவள் கடையில் அடுத்த நாற்காலி என்னுடையது. அவளைப் போலக் கடுகடுப்பான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் விரல்களுக்கு அந்தக் கடுகடுப்பு தெரியாது. எங்கள் கறுப்பினப் பெண்களின் முடி ஈரத்தில் இழுத்தால் தோள்வரை வரும், காய்ந்தால் காதுக்குமேல் ஏறிச் சுருண்டுகொள்ளும். அவசரப்பட்டவள் கையில் பொட்டுப் பொட்டென்று உடையும். வெர்லீன் தண்ணீர் தெளித்து, ஒரு பிடி முடியாக எடுத்து, நுனியிலிருந்து சீவிச் சீவி மெதுவாக வேருக்குப் போவாள். மற்ற இடங்களில் அலறுகிற குழந்தைகள் அவள் நாற்காலியில் தூங்கிவிழும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியின் தலையைக் காலமெல்லாம் பார்த்தவள்தான் அவள் இறந்த பிறகும் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் வேற்றுக் கை படக்கூடாது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச்சில் எர்னஸ்டீன் டீச்சர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தபோது, அந்த வேலை வெர்லீனுக்கு வந்தது.

டீச்சருக்கு எழுபத்து நாலு வயது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடமாக வியாழன் காலை பத்து மணி அவருடையது. அவர் வந்தால் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடுவாள் வெர்லீன். இடது நெற்றிக்கு மேலே, பாதி எலுமிச்சம்பழ அளவுக்கு முடியே முளைக்காத ஒரு வழுக்கை டீச்சருக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமிருந்து படர்தாமரை ஒட்டிக்கொண்டு வந்த தழும்பு என்று சபையில் வயதான பெண்களுக்கெல்லாம் தெரியும். நானும் கேள்விப்பட்டிருந்தேன். முடி பண்ணுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று வெர்லீனிடம் அதைப்பற்றி யாரும் பேசியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரின் துவாலையை நான் வெர்லீனுக்குத் தெரியாமல் தனியாக எடுத்து, கிருமிநாசினி ஊற்றித் துவைப்பேன். டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கையிலிருந்த பத்திரிகையில் பக்கம் புரட்டுவார்.

அறுபத்தெட்டு வயதுவரை முடியை நேராக்கும் மருந்துதான் அவருக்கு. ஒரு வியாழக்கிழமை திடீரென்று, "போதும் வெர்லீன், வெட்டிடு" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு நடந்தார். வசந்தம் வருவதற்குள் வெள்ளை வெளேரென்று சுற்றிலும் அடர்த்தியாகச் சுருள் வளர்ந்து வழுக்கையை மூடிவிட்டது. வெர்லீன் அதை இரட்டைப் பிரியாக முறுக்கிவிட்டாள். அன்றைக்குத்தான் டீச்சர் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போறப்ப இப்படியே அனுப்பு," என்றார்.

"அனுப்பறேன் டீச்சர்," என்றாள் வெர்லீன்.

இறந்தவரின் தலையை எப்படிப் பண்ணுவது என்று தீர்மானிப்பது குடும்பம்தான். குடும்பம் என்று மிஞ்சியிருந்தது டீச்சரின் தங்கை லவோனியா ஒருத்தி. எழுபது வயதிலும் வாரம் தவறாமல் முடியை நேராக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தொப்பியில் இறகு ஆட நடக்கிறவள். அவளிடம் வெர்லீனே வாலாட்டமாட்டாள்.

நிலையத்தில் எங்களுக்கு முன்பே லவோனியா வந்து காத்திருந்தாள். டீச்சர் மேசையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். லவோனியா கைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினாள். அதில் டீச்சர் முடியை வழவழவென்று நேராக்கி, இடது பக்கமாக வாரி இறக்கியிருந்தார்.

"இது மாதிரி வேணும். இரும்புச் சீப்பக் காய வெச்சு நேராக்கு. பஞ்சு வெடிச்ச மாதிரி தலையோட என் அக்கா கர்த்தர் முன்னால போய் நிக்க வேணாம்."

"இப்படியே அனுப்பச் சொன்னாங்கக்கா," என்றாள் வெர்லீன்.

"யாரு கேட்டா? எங்கிட்ட சொல்லலையே."

நான் வெர்லீனின் முழங்கையை இடித்தேன். பேசாமல் நேராக்கிவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். செத்தவர் எழுந்து கேட்கவா போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் விடவில்லை.

"வயசான முடி அக்கா. நேராக்கினா படிஞ்சிடும். இந்த இடம் பளிச்சுனு தெரியும்," என்று நெற்றிக்கு மேலே தொட்டுக் காட்டினாள்.

"தெரிஞ்சா சவுரி வெச்சு மூடு. இவ்வளவு வருஷம் மூடினியே." லவோனியா உதட்டைச் சுழித்தாள். "அவளா வாங்கிட்டு வந்த வினை. பிள்ளைங்க தலையோட தலைய ஒட்டிக்கிட்டு உட்காராதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாளா? படர்தாமரையோட வந்து நின்னா. எங்கம்மா சாகிற வரைக்கும் அவளுக்குத் தனித் தலையணை. என் பொண்ணுங்களுக்குப் பின்னி விடறேன்னு சீப்போட வருவா. 'நீ தள்ளிப் போ'ன்னுடுவேன். ஒரு நாளும் தொட விட்டதில்ல."

வெர்லீனின் கை அப்படியே நின்றது.

"யாருக்குப் படர்தாமரை?"

"உனக்குத் தெரியாதா? நல்லா இருக்கு கதை. எண்பத்தொண்ணுல, ஈஸ்டர் முடிஞ்ச வாரம், அவளே வந்து அழுதுக்கிட்டுச் சொன்னா."

"அவங்களே சொன்னாங்களா?"

"அவ வாயாலதான்."

வெர்லீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதைப்பற்றி என்று மட்டும் தெரியவில்லை.

"அது படர்தாமரை இல்லக்கா. நான் சுட்டது."

லவோனியாவுக்கு விளங்கவில்லை. வெர்லீன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடை திறந்து எட்டு மாசம்தான் ஆயிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வாசல் வரைக்கும் ஆளுங்க. டீச்சர் தலையில பொடுகு இருந்தது. சீப்பு நுனியால சுரண்டி எடுத்துட்டு, உடனே அது மேலயே மருந்தப் பூசினேன். சுரண்டின தோல்ல அத வைக்கக் கூடாது. வெச்சுட்டேன். 'எரியுது வெர்லீன்'ன்னாங்க. 'பொறுத்துக்கோங்க டீச்சர், எரிஞ்சாத்தான் முடி நேராகும்'னேன். இன்னொரு தடவ சொன்னாங்க. நான் வேற தலையில இருந்தேன். மூணாவது தடவ அவங்க சொல்லவே இல்ல."

எரிந்தால்தான் நேராகும். எங்களில் இதைக் கேட்காமல் வளர்ந்த பெண் கிடையாது. நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு நூறு தடவை பொறுத்தும் இருக்கிறேன்.

"ஆறு வாரம் கழிச்சு வந்தாங்க," என்றாள் வெர்லீன். "'எப்பவும் போலப் பண்ணு, நாற்காலிய மட்டும் திருப்பிப் போடு'ன்னாங்க. வெக்கப்பட்டு மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். என் கடைய மூடிடக் கூடாதுன்னு தன் தலையிலேயே வியாதியப் போட்டுக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கோ துவாலை ஞாபகம் வந்தது. கிருமிநாசினி வாசம் மூக்கில் ஏறியது.

 லவோனியா கைப்பையை மூடினாள்.

"உன் இஷ்டம்போலப் பண்ணு. ஆனா வெள்ளிக்கிழமை சபையில எழுந்து இத நீயே சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

வெர்லீன் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். இறந்தவர் தலையில் சூடு கிடையாது, எண்ணெய் தானாகப் பரவாது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தன் சூட்டைத்தான் கொடுக்க வேண்டும். நுனியிலிருந்து சீவி, பிரி பிரியாக முறுக்கினாள். தழும்பின்மேல் விரல் போனபோது கொஞ்சம் நின்று போயிற்று. பின்னந்தலைக்கு வந்ததும் நிலையத்துக்காரரைக் கூப்பிடப் போனாள்.

"இரு," என்றேன் நான். சீப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, டீச்சரின் தலையை என் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரிலேயே சண்டை போட்டேன். "அவ ஆத்திரத்துல சொன்னா. ஆறிடுவா. நீ வாயத் திறக்காத. இந்த வயசுல கடைய மூடிட்டு நாம எங்க போறது?"

"மூடினா மூடட்டும் டாட். அவங்க முப்பத்தொரு வருஷம் கொடுத்தது போதும்."

வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருந்தது. சவப்பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளை முறுக்குகள் முகத்தைச் சுற்றி விழுந்திருக்க, டீச்சர் அவராகவே இருந்தார். பார்க்கப் போனவர்கள் எல்லோரும், எங்கள் வழக்கப்படி, யார் முடி பண்ணினது என்று கேட்டார்கள். லவோனியா யாருக்கும் பதில் சொல்லவில்லை.

நினைவுகூர ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடித்திருந்தது. எங்கள் சபையில் அதை மதித்தவர் இல்லை. வெர்லீன் ஒருத்திதான் மதித்தாள். எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். குரல் வரவில்லை.

"நிதானமாச் சொல்லும்மா," என்றது முன்வரிசைக் கிழவி ஒருத்தியின் குரல். தடுமாறுகிறவர்களுக்கு எங்கள் சபை எப்போதும் சொல்வதுதான்.

"டீச்சர் தலையில இருந்தது வியாதி இல்ல," என்றாள் வெர்லீன். "அது நான் சுட்ட தழும்பு. அவங்க எரியுதுன்னு சொன்னாங்க, நான் கேக்கல. என் பொழப்பக் காப்பாத்த அவங்க உங்ககிட்ட பொய் சொன்னாங்க. அந்தப் பொய்யால யாரும் அவங்களைக் கிட்ட சேர்க்கல. என் தலையைத் தொடாதன்னு சொல்ல வேண்டியவங்க என்கிட்டச் சொல்லுங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமான தலை."

யாரும் ஆமென் சொல்லவில்லை.  அடுத்த மாதத்துக்குள் ஒன்பது பேர் வேறு கடைக்குப் போனார்கள். அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான், அவளுக்கு இல்லை.

அவள் படியிறங்கிப் பின்வரிசைக்கு நடந்தாள். குடும்பத்தார் வரிசையைக் கடக்கும்போது லவோனியா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தாள். வெர்லீன் நின்றாள். பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நான் நேர் பின்னால் இருந்தேன்.

பாட்டு முடிந்து, பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். லவோனியா திரும்பாமலே கேட்டாள்.

"பின்னாடியும் முறுக்கினியா?"

"முறுக்கினேன்கா."

"யாரும் பார்க்க மாட்டாங்களே."

"தெரியும்."

மூடி இறங்கியது. "என் பொண்ணுங்க தலைய ஒரு தடவ தொட விட்டிருக்கலாம்," என்றாள் லவோனியா. சொல்லிவிட்டு, இறகுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.