டிஸ்பென்சர் ஐயா சொன்ன பழைய படம்

சென்ற செவ்வாய்க்கிழமை பண்டாரவளைக் கிளினிக்கில் ஒரு குழந்தையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவகச்சேரியிலிருந்து நவரத்தினம் ஐயாவின் அக்கா எழுதியிருந்தார். நாலு வரிதான். ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஐயா அப்படியே சாய்ந்து உயிர் விட்டுவிட்டாராம். என்னைப் பற்றி அடிக்கடி பேசுவாராம், அதனால் அறிவிக்கத் தோன்றியதாம். குழந்தையின் எடையைக் குறிக்க மறந்துபோய், மறுபடியும் தராசில் வைத்தேன்.

தெமோதரைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரை அறிந்திருந்த நீங்கள் பலர் இப்போது ஊவா மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாடு சுதந்திரம் பெற்ற வருஷம் அவர் அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வந்தார். அதே வருஷம் நான் மருத்துவிச்சியாக வந்தேன். பன்னிரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். கடைசிவரை என்னை ‘மிஸி’ என்றுதான் கூப்பிட்டார்.

மருந்து வாங்க வருகிறவர்களிடம் நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் மற்ற விஷயங்களைப் பற்றி நாலு கேள்வி கேட்பார். ஏன் இந்த மலைக்கு இந்தப் பெயர், ஏன் உன் மாமியார் வலது கையால் உப்புக் கொடுப்பதில்லை என்றெல்லாம் விசாரிப்பார். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு கதை சொல்வார். அவர் அதிகம் சொன்னது, மருந்து படிக்கும் காலத்தில் கொழும்பில் பார்த்த ஒரு படத்தின் கதை. மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போன கணவன், பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் கதவைத் திறந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்துகிறாள். “அவ்வளவுதான். படம் முடிஞ்சுது” என்பார் ஐயா. மருந்துக்குக் காத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கொஞ்ச நேரம் இருமக்கூட மாட்டார்கள்.

சில வருஷம் கழித்து அதே கதையைப் புது நடிகர்களை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்றும், படம் பதுளைக்கு வந்திருக்கிறது என்றும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு ஐயா, நான், என் கணவர் மூவரும் போனோம். புதுப் படத்தில் ஒரு கோமாளி இருந்தான், ஒரு யானை இருந்தது, பத்துப் பாட்டுகள் இருந்தன. கடைசியில் கணவன் கதவைத் தட்டியதும் அவள் ஓடிவந்து திறந்து அவன் காலில் விழுந்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஐயா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கோபம் இருந்ததுதான். ஆனால் இறங்கும்போது அவர் கேட்டது இது: “மிஸி, ஏன் மாத்தினவங்கள்? ஆருக்கு அந்தக் கதவு உறுத்தினது?”

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. சென்னையிலிருந்த படக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. பதுளைக்குப் போய்த் தியேட்டர் மனேஜரைக் கேட்டார். சனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். பிறகு எங்கள் வாங்கில் இருப்பவர்களிடமே விசாரணை தொடங்கியது. நீங்கள் என்றால் எப்படி முடிப்பீர்கள்? ஆண்கள் பெரும்பாலும் திறக்கவேண்டும் என்றார்கள். ஒரு கிழவி, முதலில் சாப்பிட்டானா என்று கேட்டு, சோற்றைப் போட்டு, பிறகு சாத்தவேண்டும் என்றாள். அதை ஐயா வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

அந்த வாங்கில் பாக்கியமும் இருந்தாள். கொழுந்து பறிப்பவள், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் கணவன் அப்போதைக்கு ஏழு வருஷத்துக்கு முன் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அவன் போகும்போது சின்னவள் வயிற்றில். புதுப் படம் வந்த மறு மாதம் அவன் திரும்பி வந்தான். தோட்டத் தலைவரும் உறவுக்காரர்களும் அவள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் கூடி அவளை ஏற்கச் சொன்னார்கள். படத்திலேயே அந்தப் பொம்பளை திறந்துவிட்டாளே என்றுகூட ஒருவர் சொன்னார். பாக்கியம் தன் அறையான காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டான்.

டிஸ்பென்சர் ஐயா கதை சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. சிலர் மருந்துக்கு வருவதைக்கூட நிறுத்தினார்கள். அவர் கலங்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “அசல் கதைக்கு ஒரு பலம் இருக்கு மிஸி. நகலுக்கு அது வராது” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பழைய படமே பண்டாரவளைக்கு வந்தது. ஐயா ஒரு வாரம் கால் தரையில் படாமல் திரிந்தார். என்னையும் என் கணவரையும் ரயிலில் அழைத்துப் போனார். கோமாளி இல்லை, யானை இல்லை. அவர் சொன்னபடியே எல்லாம் வந்தது. கணவன் வந்து கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, அவன் உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

படம் முடிந்தது. ஐயா எழுந்திருக்கவில்லை.

பிறகு நேரே போய்ப் படம் ஓட்டுகிறவரைப் பிடித்தார். கடைசி ரீலில் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? ஒரு பாட்டுக் காட்சியில் கொஞ்சம் கருகிப்போனது, மற்றதெல்லாம் முழுசு என்றார் அவர். ஸ்டேஷன் மேடையில் ரயிலுக்காக நின்றபோது ஐயா தனக்குத்தானே கணக்குப் போடுகிறவர் போல மெல்லச் சொன்னார்.

“நான் கண்ணால பாத்தனான் மிஸி. சாத்தினதைப் பாத்தனான். ஆனால் அது அங்கை இல்லை.” சற்றுப் பொறுத்து, “அக்காவை விட்டுட்டுப் போன அத்தான், நான் அந்தப் படம் பாத்த வருஷம்தான் திரும்பி வந்தவர். அக்கா கதவைத் திறந்தவ. பிறகு அவ பட்ட பாடு... நான்தான் மனசுக்குள்ளை கதவைச் சாத்தியிருக்கிறன் போல” என்றார்.

அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. அதைவிட அதிகமாக வியப்பு இருந்தது. ஒரு மனிதனின் ஞாபகம் இப்படியும் வேலை செய்யுமா என்று, வேறு யாருடைய நோயையோ பார்ப்பதுபோலத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் எல்ல ஸ்டேஷனைத் தாண்டியபோது அந்த வியப்பு போய்விட்டது. பாக்கியத்தின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம், கொழுந்து எடை போட்டு முடிந்ததும், கீழ்ப் பிரிவு லயத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். சொல்லாமல் விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று வழியில் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. பாக்கியம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு அவர் உட்காரவில்லை.

“பாக்கியம், நான் சொன்ன கதை பிழை. பழைய படத்திலயும் அவள் அவனை உள்ளுக்கு விட்டவள். நான் மாறிச் சொல்லிப்போட்டன். அதைக் கேட்டு நீ...”

பாக்கியம் கத்தியைக் கீழே வைத்தாள்.

“படத்தப் பாத்தா ஐயா நான் கதவச் சாத்துனேன்? அந்தாளு வந்தப்ப நான் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். சின்னவ பேரு என்னான்னு. அவருக்குத் தெரியல. வர்ற வழியில யாரையாச்சும் கேட்டுக்கிட்டு வந்திருக்கலாம்ல. அதுகூடச் செய்யல.”

பிறகு அவள் கேட்டாள்: “படத்துல அந்தப் பொம்பள அப்படி ஏதாச்சும் கேட்டாளா?”

“இல்லை” என்றார் ஐயா. “ரெண்டு படத்திலயும் கேக்கேல்லை.”

அதற்குப் பிறகும் அவர் அந்தக் கதையை வாங்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பழைய படத்தில் இப்படி, புதுப் படத்தில் இப்படி, நான் இத்தனை நாள் தப்பாகச் சொன்னது இப்படி என்று மூன்றையும் சொல்வார். நான்காவது முடிவு ஒன்று அவருக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது பாக்கியத்தின் சொந்த விஷயம், படக்கதை அல்ல என்றார். மருந்துக்கு வராமல் நின்றவர்களும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் நாளில், அன்று ஏன் அப்படி நடந்து போனீர்கள், ஆள் அனுப்பியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். “பிழையாய்ச் சொன்னது என்ரை வாய். அதைத் திருத்த இன்னொருத்தன்ரை வாய் எதுக்கு மிஸி?” என்றார்.

போன மாதம் ஒரு தாய்க்குப் பிரசவ நாளைத் தவறாகக் கணித்துச் சொல்லிவிட்டேன். அவள் வீடு போனபிறகுதான் தெரிந்தது. அடுத்த கிளினிக்குக்கு வருவாள், அப்போது சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மழையில் இரண்டு மைல் நடந்தேன். வாசலில் நின்று, நான் சொன்னது தவறு என்றேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. நவரத்தினம் ஐயாவிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்.