மேளமில்லாத முகூர்த்தம்

எதிர்வீட்டுப் பந்தலில் இன்று கெட்டிமேளம் முழங்கியதும், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நடந்த அக்கா கல்யாணம் நினைவுக்கு வந்தது.

அப்போது ஆப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்களுக்கும் போயர்களுக்கும் சண்டை. சுரங்கத்துத் துரையின் மகன் அங்கே செத்துப்போனதாகத் தந்தி வந்ததால், நாங்கள் குடியிருந்த கூலி லைனில் மேளம் கூடாதென்று உத்தரவு. அப்பா மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தாலி ஏறும்போது கெட்ட சத்தம் காதில் விழாமலிருக்கத்தானே கெட்டிமேளம்? அன்று மாப்பிள்ளை முடிச்சுப் போடும் நேரத்தில், மேட்டு பங்களாவிலிருந்து துரைசானியின் ஓலம் கேட்டது. அம்மா பாய்ந்துபோய் அக்காவின் காதுகளைப் பொத்தினாள்.

"உடும்மா, கேட்டுட்டேன்," என்றாள் அக்கா. "பெத்தவ அழுவுறா, இன்னா பண்றது?"

மறுநாள் மாப்பிள்ளை ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கினார். அவர் மேலே ஏறி வரும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன்பின் எல்லா நாளும் அப்படித்தான் இருந்தாள்.