பிறந்த வீட்டுக் கோடி

12-1-1990: ரூ. 101
12-1-2001: ரூ. 501
11-1-2014: ரூ. 1,001
12-1-2022: ரூ. 2,001
2023: இல்லை (துட்டி)
8-1-2024: ரூ. 2,001, மணியார்டர். திரும்பி வந்தது.
6-1-2025: ரூ. 2,001, மணியார்டர். திரும்பி வந்தது.

ஸ்ரீவைகுண்டம் செந்தூர்பாண்டி, திசையன்விளையில் கட்டிக்கொடுத்த தன் ஒரே தங்கை மாரிக்கண்ணுவுக்குக் கொடுத்த பொங்கல்படிக் கணக்கில் சில வரிகள் இவை. பொங்கலுக்கு முன்பு தங்கை வீட்டு வாசலில் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் இறக்கி, வெற்றிலையின்மேல் ரூபாயை வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து முறை. தாயும் தகப்பனும் போன பிறகு அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது இந்த அண்ணன் ஒருவர்தான்.

அவர் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறியவர். தொண்டை அப்படி. மண்டிக்குள் அவர் விலை கூறினால் தேரடியில் நிற்பவன் தலையைத் திருப்புவான். 2022 ஜூன் மாதம் ஒரு காலையில், கதலித் தார் ஒன்றுக்கு விலை கூறிக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. முந்நூறு என்ற சொல் பாதியில் குழைந்து நின்றது. யாரையோ கேலி செய்கிறார் என்று நினைத்து வியாபாரிகள் சிரித்தார்கள். அவர் தார்களின்மேல் சாய்ந்த பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது உயிர் இருந்தது. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பேச்சு, வாயில் சோறு வைத்துக்கொண்டு பேசுகிறவர் பேச்சாக ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு வந்தது. இடது கையால் சாப்பிடப் பழகும்போது சோறு மடியில் சிந்தியது, அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். மனைவி முத்துராணிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை நாளும் கல்லாய்க் கிடந்த முகம் அல்லவா? உடனே திசையன்விளைக்குப் போன் போட்டாள்.

“ஏ மாரி, கவலைப்படாத. உங்க அண்ணன் இப்ப சிரிச்ச முகமா இருக்காரு. எதுக்கெடுத்தாலும் சிரிப்புதான்.”

“இசக்கியம்மை காப்பாத்திட்டா மதினி. பொங்கலுக்கு நடந்து வரச் சொல்லு” என்றாள் மாரிக்கண்ணு.

பொங்கல் வரைக்கும் காத்திருக்க விதியில்லை. அந்த நவம்பரில் உவரி ரோட்டில் பைக்கில் போன அவள் மகன் பேச்சிராஜ் லாரியில் அடிபட்டு இறந்தான். முப்பத்தொரு வயது.

இறந்தவன்மேல் தாய்மாமன் கோடித்துணி போட வேண்டும். கார் பிடித்து, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, செந்தூர்பாண்டி துட்டி வீட்டுக்குள் போனார். புது வேட்டி இடது கையில் இருந்தது. மாரிக்கண்ணு எழுந்து ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அண்ணே, உன் மருமகனைப் பாருண்ணே! தூக்கி வளத்தியே, எந்திரிக்கச் சொல்லுண்ணே!”

அவர் பையனின் முகத்தைப் பார்த்தார். உள்ளே என்னவோ பிய்த்துக்கொண்டு கிளம்பியது. வாய் வரை வந்தபோது அது சிரிப்பாக இருந்தது. முதலில் சின்னதாக, பிறகு தோள் குலுங்க. வேட்டியை வாயில் வைத்து அடைத்தார். நிற்கவில்லை. ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கி, கடைசியில் அந்த வீட்டில் அவர் சிரிப்பு மட்டும் கேட்டது.

“பொண்ணைக் கெட்டலங்கிறத மனசுலயே வச்சிருந்திருக்கான் பாருவே” என்று பந்தலில் ஒருவர் சொன்னார்.

செந்தூர்பாண்டியின் மகள் சந்தனமாரியைப் பேச்சிராஜுக்குக் கேட்டதும், அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதும் ஊரறிந்த கதை. ஆறு வருடத்துக்கு முந்தையது. சந்தனமாரி கோயம்புத்தூரில் நல்லபடியாக வாழ்கிறாள்; அவர் அதை மறந்தே போயிருந்தார். அன்று ஊருக்கு ஞாபகம் வந்தது. மாரிக்கண்ணு கழுத்திலிருந்த கைகளை எடுத்துக்கொண்டாள்.

அது நோய் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கைகால் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து வரும் எலிசபெத்திடம், முத்துராணி நடந்ததைச் சொல்லி அழுதாள்.

“ஐயா சிரிக்கலம்மா. மூளையில அடிபட்ட எடம் அப்படி. உள்ள அழுகைதான் வருது. வெளிய வரும்போது சிரிப்பா மாறிருது. வாதம் வந்தவங்கள்ல கொஞ்சப் பேருக்கு இப்படி உண்டு.”

“இத முன்னாலயே சொல்லியிருக்கப்பிடாதா தாயி?”

“எங்கிட்ட யாரு சொன்னா? சிரிக்காருன்னு நீங்க சந்தோசமால்லா இருந்திய.”

அன்றே முத்துராணி, மாரிக்கண்ணுவின் வீட்டுக்காரர் மகேஸ்வரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் முழுக்கக் கேட்டார்.

“சீக்கு வந்தா அழுகை வரும். சிரிப்பு எந்த ஆஸ்பத்திரியில தாராவ? போனை வைங்க.”

மறு வருடம் மார்கழியில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்து, ஸ்ரீவைகுண்டம் நாலு நாள் தீவாகக் கிடந்தது. டவர் திரும்ப வந்ததும் யார் யாரோ கூப்பிட்டு உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். திசையன்விளை நம்பர் மட்டும் வரவில்லை. அதற்கடுத்த மாதம்தான் முதல் மணியார்டர் திரும்பியது.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் சிரிப்பு பாதி குறைந்தது. மீதியை எலிசபெத் சொன்னபடி மூச்சால் அடக்கப் பழகினார். சிரிப்பு கிளம்பும்போது சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். மூச்சைப் பைய இழுத்துப் பைய விட வேண்டும். அதில் ஒரு சங்கடம். வேறு எந்தச் சொல்லும் வரும்; “மாரி” என்று வாயெடுத்தால் மட்டும் சிரிப்பு முந்திக்கொள்ளும். ஆகவே அந்த ஒரு சொல்லைத்தான் காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பழகினார்.

“எம் பேரைச் சொன்னா ஒரு சிரிப்பும் வரமாட்டேங்கு. எல்லாம் உங்க தங்கச்சி பேருக்குத்தான்” என்பாள் முத்துராணி. அதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எந்த வகை என்று அவளுக்கு இப்போது பிரித்துத் தெரியும்.

2025 சித்திரையில் அந்தப் பெயர் சுத்தமாக வந்தது. அடுத்த மாதமே, மகேஸ்வரன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, இருவரும் திசையன்விளைக்குப் பஸ் ஏறினார்கள்.

மாரிக்கண்ணு பாதியாகியிருந்தாள். சர்க்கரை வியாதியில் கால் வீங்கியிருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். முத்துராணி வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ சொல்லாத மதினி. அண்ணன் சொல்லட்டும்.”

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார்.

“மாரி.”

குழையாமல், மண்டிக்காலத்துக் குரலின் ஒரு கீற்றோடு வந்தது. அவள் முகம் இளகியது. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, மடங்கிக் கிடந்த அவர் வலது கையைத் தொட்டாள்.

“எதுக்குண்ணே சிரிச்ச, எம்புள்ள அங்கன கெடக்கையில?”

அதற்கு அவர் பழகியிருக்கவில்லை. சுவரில் புள்ளியைத் தேடிய கண்ணுக்குப் பேச்சிராஜின் மாலை போட்ட படம்தான் கிடைத்தது. மூச்சு உடைந்தது. சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, கோணிய வாயோரம் எச்சில் வழிய, அவர் அவள் எதிரில் உட்கார்ந்து சிரித்தார்.

“போதும்ணே” என்று செம்பை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கண்ணீரையும் பார்த்தாளா, சிரிப்பை மட்டும் பார்த்தாளா, யாருக்கும் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: “பேரு... சொன்னேம்லா. அவ காதுல... விழுந்துச்சில்லா?”

“விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சு” என்றாள் முத்துராணி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து அவள்மேல் விழாமல் எடுக்க மாட்டார்கள். அதற்காக எத்தனை மணி நேரமானாலும் காத்துக் கிடப்பார்கள். நெருங்கிய சொந்தத்துக்குத் துட்டி சொல்ல ஆள் வரும். இப்போது போன் வரும். கருப்பு ஓரம் போட்ட கடிதம் தபாலில் வருவது தூரத்துச் சொந்தத்துக்கு.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாரிக்கண்ணு காலமானதாகவும், 21-ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பதினாறாம் நாள் காரியம் என்றும் செந்தூர்பாண்டிக்கு வந்த கடிதத்தில் அச்சாகியிருந்தது. அண்ணன் இருக்கிறான், அவனுக்குச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை அந்த வீட்டில் கேட்டுவிடுமோ என்று பயந்திருக்கிறார்கள். அண்ணனுக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் இசக்கிதுரை கோடி போட்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட வேண்டும். செந்தூர்பாண்டி படித்து முடித்தார். ஒரு கையால் கிழிக்க முடியவில்லை. முத்துராணி கேட்டு நீட்டிய கையில் கொடுக்கவும் இல்லை. அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. சுவரைப் பார்க்கவில்லை, மூச்சை இழுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முத்துராணி அவர் தலையைத் தன் மடியில் இழுத்து முந்தானையால் மூடினாள்.

“சிரிங்க. நல்லாச் சிரிச்சிருங்க” என்றாள். அவருக்கும் சேர்த்து அவள் அழுதாள்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 21-8-2025, வியாழக்கிழமை, பகல் ஒரு மணி.