மழைக்கு முன் ஒரு சுத்தம்

புனேயில் கடல் கிடையாது. பாணேரில் எங்கள் அடுக்ககத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள், "கடல் ஆராய்ச்சியா, இங்கேயா?" என்று சிரிப்பார்கள். "தூரத்தில் இருந்தால்தான் கடல் ஒழுங்காகத் தெரியும்" என்பேன். எனக்கு வாய் அதிகம். கடலுக்குப் போகிற வேலை என் கணவருடையது.

ரத்னாகிரிக்கு அப்பால் நங்கூரமிட்ட மஞ்சள் மிதவை ஒன்று உண்டு. எங்கள் மகள் பிறந்த வருடம் அதைக் கடலில் இறக்கினார்கள். மணிக்கொரு தரம் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து அனுப்பும். அதை வைத்து, கொங்கண் கரையோரக் கடல் அடுத்து என்ன செய்யும் என்று நான் கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். ஆனால் கருவியில் பாசி படியும், கொட்டலசு ஒட்டிக்கொண்டு ஓடு வளர்க்கும். உப்பின் அளவு நாளுக்கு நாள் கீழே இறங்கும். கடல் மாறியிருக்காது, கருவிதான் பொய் சொல்லும். மழைக்காலம் தவிர, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் சுவார்கேட்டில் பஸ் ஏறிப் போய், படகு பிடித்து, சுரண்டித் துடைத்துவிட்டு வருவார். துடைத்த மணியில் என் திரையில் கோடு சட்டென்று ஒரு படி மேலே ஏறும். அந்தப் படியை நீக்கிக் கோட்டைச் சீராக்குவது என் வேலை.

"வீட்டுல பாத்திரம் கழுவினாலும் உன் கண்ணுக்குத் தெரியாது. கடல்ல போய்க் கழுவினா, அழிச்சே போட்டுடற" என்பார்.

போன மே மாதக் கடைசியில், பையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்தத் தடவை வேற யாரையாவது அனுப்பலாமா? நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது."

"நேத்து மூணு வடாபாவ் சாப்பிட்டா வேற என்ன பண்ணும்? கேஸ்தான். மழை வந்துட்டா படகு போகாதுங்க. இப்ப க்ளீன் பண்ணலேன்னா மழைக்காலம் முழுக்க டேட்டா குப்பை. இத்தனை வருஷம் ஒரு கேப் இல்லாம வெச்சிருக்கேன்."

வெச்சிருக்கோம் என்றுகூட எனக்கு வரவில்லை. ஓமத் தண்ணீர் காய்ச்சி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கான அளவு மிதவையிலிருந்து வந்தது. கோடு ஏறியிருந்தது. அலுவலகத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். எல்லோருக்கும் சாய் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும் வழியில், களைப்பாக இருக்கிறது என்று படகில் படுத்தவர், கரை சேரும்போது உயிரோடு இல்லை. படகுக்காரர் ஃபோனில் மராத்தியில் சொன்னது முதல் தடவையே எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தேன்.

டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய வாய் இது. நான்தான் அவரை அனுப்பினேன். யார் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அது மாறாது.

அவர் பையில் பாதி குடித்த ஓமத் தண்ணீரும் குறிப்புத் தாளும் இருந்தன. "10.40. சுத்தம் முடிந்தது. கொட்டலசு அதிகம்." அந்த நேரத்தைக் கணினியில் கொடுத்தால் படி போய்விடும். ஆண்டறிக்கைக்காக அலுவலகம் காத்திருந்தது. வேறு ஒருவர் செய்து தருவதாகச் சொன்னதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். மழை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் அந்தத் திரையைத் திறந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இங்க மட்டும் ஏன் எக்தம் சட்டுனு மேல போச்சு?"

"அப்பா தொடச்ச இடம்டி அது."

"நீ அத டிலீட் பண்ணுவியா?"

"பண்ணணும். கடல் இப்படிக் குதிக்காது. விட்டா கணக்கு எல்லாம் தப்பாப் போயிடும்."

"ரெஹ்னே தோ நா, அம்மா, இருக்கட்டும். அது அப்பாவோடது."

குறிப்புத் தாளை எடுத்து விரித்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

10.40 என்று தட்டினேன். கோடு சீராகிவிட்டது. பழைய அளவுகள் எங்கோ ஒரு கோப்பில் பத்திரமாகத்தான் இருக்கும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இனி அந்தக் கோட்டைப் பார்க்கிறவருக்கு, அன்று ஒருவர் அங்கே போனதே தெரியாது.

அறிக்கையில், கேப் விழுந்த நாட்களை எழுத 'இடைவெளிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதினேன். நான் அவரிடம் கேட்டது அதைத்தான்.