தோக்சில் இருமினாள்

சுவோன் நகரத்து மருத்துவமனையில், ஆறு கட்டில் வார்டில், பில்னாமும் தோக்சிலும் கூலிக்கு நோயாளி பார்த்தார்கள். பில்னாம் முறையாகப் பயிற்சி எடுத்தவள். அவள் பார்த்த முதுகில் படுக்கைப் புண் வந்ததில்லை. தோக்சில் பாதி நேரம் கதையளப்பாள். ஆனாலும் அவளுடைய நோயாளி மேங் அம்மாள் "என் மக" என்று கூப்பிடுவது தோக்சிலைத்தான். அம்மாளைப் பார்க்க வரும் தேவாலயக் கூட்டம் பழச்சாற்றுப் பெட்டியை நீட்டுவதும் அவளிடம்தான். பில்னாமின் நோயாளி பேச்சிழந்த கிழவர். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை.

மெர்ஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பரவிய கோடையிலும் கூட்டம் குறையவில்லை.

"வரட்டும். இருமல வீட்ல வெச்சுட்டு வரட்டும்" என்றாள் பில்னாம்.

"உங்காளுக்கு வர ஆளில்ல, அதான் எரியுது, அக்கா."

எரியத்தான் செய்தது.

டாக்டர், நர்சு, பார்க்க வருபவர் என எல்லோர் நெற்றியிலும் காய்ச்சல் பார்த்தார்கள். கூலித் துணையாட்கள் ஊழியருமல்ல, பார்க்க வருபவருமல்ல என்பதால் அவர்களை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் தோக்சில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இருமுவதைப் பில்னாம் கண்டாள்.

"மொளகாப்பொடி ஏறிடுச்சுக்கா."

பில்னாம் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"சொல்லிடாதீங்க அக்கா. நான் போனா அம்மாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

பில்னாம் ஆசைப்பட்டதே அதற்குத்தான். அதனால்தான் போய்ச் சொல்லத் தயங்கினாள். இருமியது வேறொருத்தியாக இருந்தால் யோசிக்காமல் ஓடியிருப்பாள். அதற்குள் தோக்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சி ஊட்ட மேங் அம்மாளின் கட்டிலை நோக்கிப் போனாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னாலும் காய்ச்சல் காய்ச்சல்தான். பில்னாம் தலைமை நர்சிடம் போய்ச் சொன்னாள்.

"துணையாளுங்களுக்கும் பாக்கணுமா?" என்றாள் நர்சு.

"நாங்களும் மூச்சு விடறோமேம்மா."

சோதனையில் மெர்ஸ் என்று வந்தது. தோக்சிலைத் தனிமைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். வார்டை உள்ளே இருந்தவர்களோடு பூட்டினார்கள். மேங் அம்மாளுக்குத் தொற்றவில்லை. அதன்பின் அந்த மருத்துவமனை வாசலில் துணையாட்களின் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார்கள். தேவாலயக் கூட்டம் கீழ்த்தளத்தோடு நின்றது. பில்னாமின் பெயரை யாரும் சொல்லவில்லை.

இரண்டு கட்டில்களும் பில்னாம் கைக்கு வந்தன. மேங் அம்மாளைக் குளிப்பாட்டினாள், தலைவாரினாள். "என் மக எங்க?" என்ற கேள்வியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

தேறியதும் தோக்சில் தொலைபேசியில் கூப்பிட்டாள். மேங் அம்மாளுக்குக் கை தூக்க வராது. பில்னாம்தான் தொலைபேசியை அவள் காதில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சீக்கிரம் வாடி. இவ நல்லாத்தான் பாக்கறா. ஆனா செத்த வீட்டுல சோறு போடற மாதிரி மூஞ்சி!"

அந்தப் பக்கம் தோக்சில் விழுந்து விழுந்து சிரித்தாள். மேங் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். கை வலித்தபோது பில்னாம் தொலைபேசியை மறுகைக்கு மாற்றினாள்; காதிலிருந்து எடுக்கவில்லை.